இருநூற்று எண்பத்தேழாவது கவர்

கலாமணியின் கையில் கடைசிக் கவர் இருந்தது. மேசைமேல் கடைசிக் காகிதம் இருந்தது. கவரில் ஒட்டியிருந்தது அவள் பெயர், காகிதத்தில் அச்சாகியிருந்தது குனியமுத்தூர் ஜவுளிக்கடைக்காரர் பெயர். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு காகிதம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று அதைத் திருப்பிப் பார்த்தாள், விரலால் தேய்த்துப் பார்த்தாள், மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். முழங்கால் சொடக்கென்றது. கீழே ஒரு ரப்பர் பேண்டும் போன மாதத்துக் குண்டூசியும் தவிர ஒன்றுமில்லை. எழுந்து உட்கார்ந்தபோது சிரிப்பு போயிருந்தது. ஜவுளிக்கடைக்காரர் பில் இங்கே இருக்கிறதென்றால் ஜவுளிக்கடைக்காரர் கவருக்குள் என்ன இருக்கிறது? அதற்கு முந்தையவருடைய பில். அவர் கவரில்? அவருக்கும் முந்தையவருடையது. அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால், எங்கோ ஒரு கவருக்குள், பில் இருக்கவேண்டிய இடத்தில், அவள் மத்தியானம் எழுதிய கடிதம் மூன்றாக மடிந்து, பசை போட்டு, ஐந்து ரூபாய் ஸ்டாம்பும் ஒட்டி, யாரோ ஒருத்தருடைய வீட்டுக்குப் போகத் தயாராக உட்கார்ந்திருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐந்து. நாலரைக்குக் கம்பெனி ஆள் சம்பத் வந்து கவர்ச் சாக்கைத் தூக்கிக்கொண்டு தபாலாபீசுக்குப் போய்விடுவார். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமல் மூடி வைத்தாள்.

இது அவளுக்கு நடக்கக்கூடிய காரியமே இல்லை. நாச்சிமுத்துவின் லிஃப்ட் சர்வீஸ் கம்பெனி ராம்நகரில் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது, அந்தக் கட்டிடத்துக்கு லிஃப்ட் கிடையாது, இதைச் சொல்லிச் சிரிக்காத வாடிக்கையாளர் கோயம்புத்தூரில் ஒருவர்கூட இல்லை. அந்த இரண்டாம் மாடியின் பின்னறையில் பதினோரு வருடமாக, மாதம் பிறந்து முதல் வியாழக்கிழமை, அவள் பில் போடுகிறாள். வாட்ஸப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் அடுக்ககத்துச் செகரட்டரிகளுக்குக் காகிதம் வேண்டும், கையெழுத்தும் சீலும் வேண்டும், கோப்பில் குத்தி வைத்துக்கொண்டு கூட்டத்தில் எடுத்து நீட்டவேண்டும். காலையில் எல்லாப் பில்லையும் வரிசையாக மடித்துவிடுவாள். ஆர்.எஸ்.புரத்தில் ஆரம்பித்துக் குனியமுத்தூரில் முடிகிற வரிசை. கவர்களிலும் முகவரி அதே வரிசையில் ஒட்டியிருக்கும். மத்தியானம் மேலிருந்து ஒரு மடிப்பு, மேலிருந்து ஒரு கவர், உள்ளே தள்ளு, பசை, அழுத்து, அடுத்தது. பார்க்கவே வேண்டாம். வரிசை தப்பாதவரை எதுவும் தப்பாது, வரிசை அவள் கையில் தப்பியதில்லை. கைக்கு அது இவ்வளவு பழகிப்போனதால் வீட்டில் துண்டு, பேப்பர், சப்பாத்தி எதுவானாலும் மூன்றாக மடிகிறது, இரண்டாக மடிக்க நினைத்தாலும் மூன்றாகவே வந்து நிற்கிறது. கை அதுபாட்டுக்குச் செய்யும், மனது அதுபாட்டுக்கு எங்கேயாவது போய்வரும். இன்றைக்கு மனது எங்கே போயிருந்தது என்று அவளுக்குத் தெரியும். நாச்சிமுத்து கேட்டுவிட்டுப் போன கேள்வியிலேயே அது நின்றுகொண்டிருந்தது.

இரண்டு மணி இருக்கும். சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டு அவள் எழுதிக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டும் பழக்கம் நாச்சிமுத்துவுக்கு இல்லை, அவருடைய கம்பெனி, அவருடைய கதவு. செருப்புச் சத்தம் கேட்டதும் கை காகிதத்தைப் பட்பட்டென்று மூன்றாக மடித்து, எதிரே மடித்து வைத்திருந்த பில் வரிசைக்குள் செருகிவிட்டது. திருடின பொருளை ஒளிப்பதுகூட இவ்வளவு சுத்தமாக நடக்காது. "ஏன் அம்மிணி, நம்ம பார்ட்டி மொத்தம் எத்தன?" என்றார். "இருநூத்தி எம்பத்தாறுங்க." "ஸ்டாம்பு மட்டும் மாசாமாசம் எம்பத்தேழு வாங்கறமாம். ஆடிட்டர் பய நோண்டி எடுத்திருக்கறான். ஒண்ணு எங்க போகுதுன்னு பாத்து வைய்யி, சாயங்காலம் போன் பண்றேன்." கோபமெல்லாம் இல்லை, ஐந்து ரூபாய்க்குக் கோபப்படுகிற ஆளில்லை அவர். சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த மிட்டாய் டப்பாவிலிருந்து ஒரு இஞ்சி மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சிங்காநல்லூர் சைட்டுக்குப் போய்விட்டார். அவள் பசைக் கிண்ணத்தை முன்னால் இழுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். ஒன்று எங்கே போகிறது. ஒன்று எங்கே போகிறது. ஒவ்வொரு கவருக்கும் அந்தக் கேள்வி ஒருமுறை வந்துபோனது. செருகி வைத்த கடிதம் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

அந்த ஒன்று அவள் வீட்டுக்குத்தான் போகிறது. வடவள்ளி, ஏழாம் நம்பர் லைன் வீடு. அவளாக ஆரம்பித்ததில்லை அது. எட்டு வருடத்துக்கு முன்னால் பில்லே வரவில்லை, வந்தாலும் மாசக் கடைசியில் வருகிறது என்று ஆளாளுக்குப் போன் போட்டுக் கத்திய காலத்தில் நாச்சிமுத்துதான் சொன்னார், உன் வீட்டுக்கும் ஒரு கவர் போடு அம்மிணி, என்னிக்கு வந்து சேருதுன்னு பாரு, பாத்து எனக்குச் சொல்லு என்று. அவள் போட்டாள். உள்ளே சும்மா ஒரு வெற்றுத் தாளை மடித்து வைத்தாள். சனிக்கிழமை வந்துருச்சுங்க என்று திங்கட்கிழமை சொன்னாள். இரண்டு மாதம் கேட்டுக்கொண்டார், மூன்றாவது மாதம் அவள் சொன்னபோது என்னது என்றார், நான்காவது மாதம் அவள் சொல்லவில்லை. ஆனால் நிறுத்து என்று யாரும் சொல்லவில்லையே. சொன்ன வேலையைச் செய்கிறவள் அவள், நிறுத்தச் சொல்கிறவரை செய்வாள். அம்மா இருந்தபோது அந்தக் கவரைப் பார்த்து, "வெறும் தாளுக்கு ஸ்டாம்பு ஒட்டி அனுப்பற கம்பெனி உருப்பட்டாப்பலதான்" என்பாள். அந்தத் தாளின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவாள். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது, ஐப்பசியில்தான், இதே மாதிரி விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த மழை. காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் போய், வீட்டில் அவளும் அம்மாவின் கட்டிலும் மட்டும் இருந்த முதல் சனிக்கிழமை, மத்தியானம் இரண்டரைக்கு, கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தாமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு தபால்காரர் கூப்பிட்டார், "கலாமணீ... லெட்டர்!" அவள் அடுப்படியில் இருந்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடும்போதே தெரியும், வெறும் தாள், அவளே மடித்தது. ஆனாலும் ஓடினாள். வாங்கிக்கொண்டு வந்து பிரித்தாள். ஒன்றுமில்லாத அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தபோது, அம்மா போனதற்கு அழாத அழுகை எல்லாம் அப்போதுதான் வந்தது. அடுத்த மாதம் தாளை வெறுமையாக அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. அம்மாவுடைய சேலைகளை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடு, பூச்சி அரிக்கப்போகிறது, என்று ஒரு வரி எழுதி மடித்தாள். அது சனிக்கிழமை வந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்களே என்று அன்று மாலையே சேலைகளை எடுத்துக் கொடுத்தாள்.

அவள் எழுந்தாள். எழுந்து நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலைச் சாத்தினாள். வெளியே தூறல். எதிர்க் கட்டிடத்துப் பிளாஸ்டிக் விரிப்பில் தண்ணீர் தேங்கி, அதன் கனத்தில் விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. கடிதம் யாருக்குப் போயிருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொருவராக மனதில் வந்தார்கள். சாயிபாபா காலனிப் பல் டாக்டர் பிரிக்கமாட்டார், அவருடைய நர்ஸ் பிரிப்பாள், பிரித்துச் சத்தமாகப் படிப்பாள். காந்திபுரம் லாட்ஜ்காரர் அப்படியே கிழித்துப் போட்டுவிடுவார், அவருக்குப் போயிருந்தால் நல்லது. பீளமேடு மகாலிங்கம் சாருக்கு மட்டும் போயிருக்கக் கூடாது கடவுளே. செந்தூர் அடுக்ககத்துச் செகரட்டரி, மின்வாரியத்தில் ரிட்டையர் ஆனவர், பில்லில் சீல் சாய்வாக விழுந்திருக்கிறது என்பதற்குக்கூடப் போன் பண்ணுகிறவர். அவர் நேராக நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு, உங்க கம்பெனியிலிருந்து என்னைச் சாப்பிட்டாயான்னு கேட்டு ஒரு லெட்டர் வந்திருக்கு சார் என்பார். போட்டோ எடுத்து அனுப்பியும் வைப்பார். நாச்சிமுத்துவுக்கு அவள் கையெழுத்து தெரியும், பதினோரு வருட வவுச்சர்களில் பார்த்த கையெழுத்து. அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த நாள் காலையில் அவளைப் பார்க்கும் பார்வை மட்டும் மாறியிருக்கும். பாவம் என்கிற பார்வை. தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவர்களுக்குச் சிக்னலில் எல்லாரும் வழிவிடுவார்களே, அந்த மாதிரி அவளுக்கும் வழிவிட ஆரம்பிப்பார். சம்பத்திடம் சொல்வார், சம்பத் வீட்டில் சொல்வார். அதை நினைத்ததும் அவளுக்குக் காது மடல்கள் சுட்டன. இருநூற்று எண்பத்தாறு கவரையும் எடுத்துப் பாத்ரூம் வாளித் தண்ணீரில் முக்கிவிட்டு, மழைச்சாரல் அடித்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தாள். யோசித்தவள் கவர்களுக்கு நோகாமல் அவற்றை மேசையின் உட்பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

என்ன எழுதினோம் என்று நினைத்துப் பார்த்தாள். அன்புள்ள கலாமணி என்று ஆரம்பம். எப்போதும் அப்படித்தான். அதற்குமேல் எழுதாமல் அந்த இரண்டு சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெயரை அவள் வேறெங்கும் கேட்பதில்லை. நாச்சிமுத்துவுக்கு அம்மிணி, மெக்கானிக்குகளுக்கு அக்கா, பாங்கில் மேடம், லைன் வீட்டுக் குழந்தைகளுக்கு லிஃப்ட்டக்கா. யாரும் மரியாதைக் குறைவாக நடத்துவதில்லை, அதுதான் சங்கடம், மரியாதையாகவே பெயரை விட்டுவிட்டார்கள். அம்மா மட்டும் நாளைக்கு நாற்பது தடவை கூப்பிடுவாள், கலாமணீ துண்டு, கலாமணீ மாத்திரை, கலாமணீ மழை வருது கொடியில துணி. போன வருடம் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தபோது அங்கிருந்த பெண் கலாமணி, கலாமணி என்று மூன்று தடவை கூப்பிட்டாள், இவளும் யாரது கூப்பிடக் கூப்பிட எழுந்திருக்காமல் இருப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதக் கடிதத்தில் சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தாள். இராத்திரியில் இடது கை மரத்துப்போகிறது என்றால் யாரிடமாவது சொல், சும்மா உதறிக்கொண்டு படுத்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தாள். குளிக்கப் போகும்போது உள்தாழ்ப்பாள் போடாதே, இனி போடவே போடாதே, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் எட்டிப் பார்க்க, என்றும் எழுதியிருந்தாள். மூன்றாம் நம்பர் வீட்டு ரங்கநாயகியம்மா புரட்டாசியில் பாத்ரூமில் விழுந்து கிடந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள், அதுவும் பால்காரர் சொல்லி. கதவை உடைக்கிற சத்தத்தை இவள் வாசலில் நின்று கேட்டாள். அந்தம்மா உள்தாழ்ப்பாள் போட்டிருந்தார், தனியாக இருக்கிற வீட்டில் யாரிடமிருந்து மறைய அந்தத் தாழ்ப்பாள்? அன்றிலிருந்து அவளுக்கும் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் ஐம்பத்தொரு வருடப் பழக்கம், கை தானாகத் தாழைப் போட்டுவிடும், போட்டபின்தான் ஞாபகம் வரும். தானே தனக்குச் சொல்லிக்கொண்டால் கேட்பதில்லை. தபாலில் வந்தால் கேட்பாள்.

மூன்று இருபது. தேடித்தான் ஆகவேண்டும். கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போனால் இருட்டிவிடும். மெக்கானிக்குகள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறாள், லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் ஒவ்வொரு மாடியாக ஏறமாட்டார்கள், நடுமாடிக்குப் போய் மேலேயா கீழேயா என்று பார்ப்பார்கள். அவளும் அப்படியே பார்த்தாள். நூற்றைம்பதாவது கவரை எடுத்து மூடிய மடிப்புக்குள் இரும்பு ஸ்கேலை மெல்ல விட்டாள். ஈரக் காற்றில் பசை இன்னும் இறுகவில்லை, பிசுக்கென்று விட்டுக்கொடுத்தது. உள்ளே நூற்றைம்பதாவது பில். சரி. அதுவரை எல்லாம் சரி. இருநூற்று இருபதைப் பிரித்தாள். உள்ளே இருநூற்றுப் பத்தொன்பது. ஆக, நடுவில் எங்கோ. நூற்றுத்தொண்ணூறு சரி. இருநூற்று ஐந்து தப்பு. அது பீளமேட்டு வரிசை என்பது அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டது, தெரியாததுபோல் காட்டிக்கொண்டாள். நூற்றுத்தொண்ணூற்றெட்டு சரி. இருநூறு தப்பு. நடுவில் இருந்தது ஒரே ஒரு கவர். செகரட்டரி, செந்தூர் அடுக்ககம், பீளமேடு. மகாலிங்கம் சார் தவிர இந்த ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அவள் யாரையோ திட்டினாள். ஸ்கேலை விட்டாள், இது மட்டும் விட்டுக்கொடுக்காமல் கிழிந்தது.

கடிதம் உள்ளே இருந்தது. உடனே எடுத்து மறைத்துவைக்கத்தான் கை போனது. ஆனால் இப்படி, வேறொருவர் கவரிலிருந்து, வேறொருவர் பிரிப்பதுபோல் அவள் அதை ஒருநாளும் பிரித்ததில்லை. நின்றபடியே படித்தாள். மகாலிங்கம் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிப்பதுபோல் படித்தாள். அன்புள்ள கலாமணி, சாப்பிட்டாயா? சாப்பிடாமல் வேலை செய்யாதே. இராத்திரி கை மரத்தால் என்னிடம் மறைக்காதே. என்னிடம் என்று எழுதியிருந்தாள், எழுதும்போது அதைக் கவனிக்கவில்லை. அடியில் பெயர் இல்லை, அவள் எந்தக் கடிதத்திலும் பெயர் போட்டதில்லை, என்ன பெயர் போடுவது? மகாலிங்கம் சாருக்கு இதில் என்ன தெரியும்? கலாமணி என்று ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரியும். அவள் சாப்பிட்டாளா என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறது, அவள் பாத்ரூமில் விழுந்துவிடுவாளோ என்று வேலைக்கு நடுவில் உட்கார்ந்து கவலைப்பட ஒரு ஆள் இருக்கிறது என்று தெரியும். புருஷனோ, அக்காவோ, யாரோ. கொடுத்துவைத்தவள் என்று நினைப்பார். அவருக்கே மனைவி போய் நாலு வருடம், அவர் போன்களெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்குமேல்தான் வரும். சாய்ந்த சீலைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசுவார், இவளும் ஆமாங்க சார், ஆமாங்க சார் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் கலாமணிமேல் ஒரு நிமிடம் அவளுக்கே பொறாமையாக இருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நேரமாகிறது என்று தனக்கே அதட்டல் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

எண்பத்தெட்டு கவர்கள். ஒவ்வொன்றையும் பிரித்து, உள்ளே இருப்பதை எடுத்து, அதற்கு முந்தைய கவரில் போட்டு, மறுபடி பசை. பதினொன்று கிழிந்தன, அவற்றுக்குப் புதுக் கவர், முகவரியைக் கையால் எழுதினாள், ஸ்டாம்பை நனைத்து உரித்து ஒட்டினாள். கை ஓட ஆரம்பித்ததும் மனது பழையபடி நகர்ந்துபோய் நாச்சிமுத்துவின் கேள்வியில் உட்கார்ந்தது. இந்த ஒரு ஸ்டாம்பு நின்றுவிடும். நிற்கட்டுமே, ஐந்து ரூபாய் அவளிடம் இல்லையா? ஒரு ஸ்டாம்பை அவளே வாங்கி ஒட்டிக்கொள்ளக் கூடாதா? கூடாது. அங்கேதான் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் இடித்தது. கம்பெனி ஸ்டாம்பு ஒட்டினால் அது வேலை. முதலாளி சொன்னார், செய்தாள், கேட்டால் பதில் இருக்கிறது. தபாலாபீசில் வரிசையில் நின்று, சொந்தக் காசில் ஸ்டாம்பு வாங்கி, தன் பெயரைத் தானே எழுதித் தனக்கே போட்டுக்கொண்டால் அதற்குப் பெயர் என்ன? அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை நாள் அந்தப் பெயர் அவள்மேல் விழாமல் ஒரு கம்பெனிக் கவர் மறைத்துக்கொண்டிருந்தது. ஆடிட்டர் அதை உருவிவிட்டான். இருநூற்று நாற்பது, இருநூற்று நாற்பத்தொன்று. விரல்களில் பசை காய்ந்து தோல் இழுத்தது. பேசாமல் தப்பாக எண்ணிவிட்டேன் என்று சொல்லிவிடலாம். எட்டு வருடமாகவா தப்பாக எண்ணினாய் என்று கேட்டால்? சொல்லிவிட்டால் அதோடு சனிக்கிழமைகள் தீர்ந்தன. இரண்டரை மணிக்குத் தபால்காரர் ஏழாம் நம்பர் வாசலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போவார், அவள் அடுப்படியில் நின்றுகொண்டு அந்த வண்டிச் சத்தம் போவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அடுத்த மாதத்துச் சனிக்கிழமை, அதற்கடுத்த மாதத்துச் சனிக்கிழமை. ரங்கநாயகியம்மாவை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அந்த இரண்டு நாளில் ஒருவேளை பதில் வந்திருக்கும்.

இருநூற்று எண்பத்தாறாவது கவருக்கு ஜவுளிக்கடைக்காரர் பில் வந்து சேர்ந்தபோது போன் அடித்தது. நாச்சிமுத்து. பின்னால் லிஃப்ட் மோட்டார் ஓடுகிற சத்தம்.

"என்ன அம்மிணி, அந்த ஒரு ஸ்டாம்பு கெடச்சுதா?"

தப்பாக எண்ணிவிட்டேனுங்க என்பது நாக்கு நுனி வரை வந்தது.

"அது என்னுதுங்க."

"உன்னுதா? யாருக்குப் போட்ட?"

"எனக்கேதானுங்க."

மோட்டார் நின்றது. அவர் யாரிடமோ இருடா என்றார். "எனக்கேன்னா... அட, அந்த டெஸ்ட்டுக் கவரா? நாந்தான சொன்னேன் ஒரு காலத்துல! இன்னுமா போட்டுட்டிருக்கற? நல்லா இருக்குது போ. இப்பத்தான் எல்லாம் ஒழுங்காச் சேந்துருதே, இந்த மாசத்தோட நிறுத்திரு அம்மிணி."

சரிங்க என்று சொன்னால் போதும். அவளுடைய மானம் முழுசாக அவள் கையில் திரும்பி வந்துவிட்டது, அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அவள் கடிதத்தைப் பார்த்தாள்.

"நிறுத்த வேண்டாமுங்க. ஸ்டாம்ப நானே வாங்கிக்கறேன்."

"எதுக்கு?"

"எனக்கு லெட்டர் வரோணுமுங்க."

"சேரி, பாத்துக்க" என்றார், வழக்கத்தைவிட மெதுவாக. போனை வைத்துவிட்டுப் பர்ஸிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து ஸ்டாம்பு டப்பாவில் போட்டாள். அது டப்பாவின் அடியில் விழுந்து சத்தம் போட்டது. கடிதத்தை எடுத்து, பழைய மடிப்பிலேயே மூன்றாக மடித்து, கடைசிக் கவருக்குள் வைத்து, பசை தடவி அழுத்தினாள்.

நாலரைக்குச் சம்பத் வந்தார். மழைக்கோட்டைக் கழற்றாமலே நீர் சொட்டச் சொட்ட வாசற்படியில் நின்றார். நாற்பத்தெட்டு வயது, அவளுக்கு இரண்டு வருடம் கழித்து வேலைக்குச் சேர்ந்தவர், மாதாமாதம் இந்தச் சாக்கை இறக்குகிறவர். அவள் கவர்களைக் கட்டுக்கட்டாகச் சாக்கில் வைக்க, பிடித்துக்கொண்டார். கடைசிக் கவர் தனியாக மேலே கிடந்தது. ஈரம் படாமல் உள்ளே தள்ளுவதற்காக எடுத்தவர், எதற்கும் ஒருதரம் கண்ணை ஓட்டினார்.

"கலாமணி, ஏழு, லைன் வீடு, வடவள்ளி... அக்கா, இது உங்க வீடாச்சே? அன்னிக்கு மழையில கொண்டுவந்து விட்டனே."

"ஆமா."

"யாருக்கா கலாமணி? உங்கம்மாவா?"

அவள் அவரைப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஒன்பது வருடம். தீபாவளி இனிப்பு, மகள் பெரியவளான சீருக்கு வந்த பத்திரிகை, ஆஸ்பத்திரிக்கு ரத்தம் வேண்டும் என்று இராத்திரியில் வந்த போன். பத்திரிகையில்கூட மேலே ஆபீஸ் அக்கா என்று எழுதித்தான் கொடுத்தார்.

"நாந்தான் சம்பத்."

சம்பத்தின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அக்கா... உங்க பேரு கலாமணியா?" என்றார். அக்கா என்று பதிந்திருந்ததை மாற்றச் செல்போனை எடுக்கப் போய், ஈரக் கையென்று விட்டுவிட்டார். பிறகு எதையாவது ஈடுகட்டவேண்டும்போல, "இத எதுக்குங்க ஊரச் சுத்தி அனுப்பறீங்க, இந்தாங்க கையிலயே வாங்கிக்குங்க" என்று கவரை நீட்டினார்.

"வேண்டாம். தபால்லயே போகட்டும்."

"உங்க லெட்டர்தானுங்களே?"

"எனக்கு வர்ற லெட்டர். சனிக்கிழமை தபால்காரர் கொண்டுவருவாரு. பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. அதுக்குத்தான்."

சம்பத் கவரைச் சாக்கில் போடாமல், மழைக்கோட்டை விலக்கிச் சட்டைப் பையில் வைத்து, பட்டனையும் போட்டார். சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினார். ஒரு மாடி இறங்கியதும் காலடிச் சத்தம் நின்றது. ஏதோ மறந்துவிட்டாரோ என்று அவள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். கீழ்ப்படியில் சாக்கோடு நின்றுகொண்டு அவர் மேலே நிமிர்ந்து பார்த்தார்.

"கலாமணியக்கா," என்றார், புதுச் செருப்புப் போட்டு நடப்பவரைப்போல் ஒரு தயக்கத்தோடு, "போயிட்டு வர்றேனுங்க."

அவள் தலையாட்டினாள். தலையாட்டியது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. அவர் போன பிறகும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து, விரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தாள்.